சாரதியின் உயிர் சரக்கிலும் மலிவா?

ஒரு யந்திரத்தைப் புகழ்வோர் அதனாற் பயன் பெற்றோராக இருப்பது இயல்பு. அதில் அமர்ந்து மாண்டோரிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்க எவராலும் இயலாது. ஆகவே எந்த யந்திரத்தின் புகழும் அரைவாசிச் சாட்சியத்தின்மீது எழுதப்பட்ட தீர்ப்பாகவே இருக்கின்றது. மறு அரைவாசியை விசாரிப்பது பொதுமக்களின் உரிமை. அதை எழுதுவது பத்திரிகையின் கடமை. அக்கடமையை முன்னிட்டே காஸ்-66 என்னும் ரஷ்ய லொறியைப் பற்றி இங்கு எழுதப் புகுந்தோம்.

காஸ் என்பது கோர்க்கி மோட்டார் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம். வொல்கா நதிக் கரையிலுள்ள அந்நகரம் இன்று தன் பழைய பெயரான நிஷ்னி நொவ்கோரத் என்பதைத் திரும்பப் பெற்றுவிட்டது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்க ஃபோர்ட் கம்பனியோடு சோவியத் அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேறாக எழுந்து, 1932இல் வேலை தொடங்கியது அத்தொழிற்சாலை. 1964 தொடக்கம் 1999 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், காஸ்-66 லொறி அங்கிருந்து வெளிவந்தது. மொத்தத் தொகை ஏறத்தாழ 9 இலட்சத்து 65 ஆயிரம். ரஷ்யர் இதற்குச் செல்லமாக இட்ட பெயர் ‘ஷிஷிகா’. அறுபத்தாறு என்னும் எண்ணின் ஓசையோடு ஒத்து வருவதும், அவர்களது கிராமியக் கதைகளில் வரும் சதுப்புநிலப் பிசாசு ஒன்றைக் குறிப்பதுமான பெயர் அது.

இந்த லொறியின் திறமையைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. உண்மையை உண்மையென்றே சொல்லுவோம். ரஷ்ய நாட்டில் இளவேனிலிலே பனி உருகும்போதும், இலையுதிர் காலத்து மழையின்போதும், கிராமப் பாதைகள் முழங்காலளவு சேறாகிவிடும். அக்காலத்திற்கென்றே ‘ரஸ்புத்திஸா’ என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கின்றார்கள். பெரும் படைகளையே மறித்துவைத்த சேறு அது. அந்தச் சேற்றை எண்ணியே இந்த லொறி அமைக்கப்பட்டது. எஞ்சினின் வலு நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். ஒரு பக்கத்துச் சக்கரம் பிடிமானமின்றி வீணாகச் சுழலும்போது மறு பக்கத்துச் சக்கரத்திற்கு வலுவைத் தள்ளிவிடும் பொறி இரண்டு அச்சுகளிலும் உண்டு. சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே, வண்டி ஓடிக்கொண்டிருக்கையிலேயே, டயர்களின் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் முடியும். காற்றுக் குறைந்த டயர் சேற்றின்மீது பரந்து படிகின்றது. பாரம் ஓரிடத்தில் அழுந்தாமல் பகிரப்படுகின்றது. வயற் சேற்றில் உழவு யந்திரம் புதைந்து நின்றதைக் கண்ட கமக்காரனுக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டு தொன் பாரம்; எட்டுச் சிலிண்டர்; 115 குதிரைவலுவுக்குக் குறையாத பெற்றோல் எஞ்சின்; தரைக்கும் அச்சுக்கும் இடையே 315 மில்லிமீற்றர் இடைவெளி; ஒரு மீற்றர் ஆழமுள்ள ஆற்றைக் கடக்கும் ஆற்றல். இதற்கு முன் 1948 முதல் 1968 வரை அதே தொழிற்சாலை செய்த காஸ்-63 லொறி உயரமும் ஒடுக்கமும் உடையது; சாய்வான நிலத்தில் கவிழும் குணமும் அதற்கு இருந்தது. அக்குறையைப் புதிய லொறி பெரும்பாலும் நீக்கியது. கூட்டுப் பண்ணைகளின் தானியத்தை இது சுமந்தது. நிலவியலாளரைச் சைபீரியக் காடுகளுக்குள் கொண்டு சென்றது. தீயணைப்பு வண்டியாகவும், நடமாடும் வைத்தியசாலையாகவும், வானொலி நிலையமாகவும், ரொக்கெற் ஏவும் மேடையாகவும் பணி புரிந்தது. 1969ஆம் ஆண்டில் சோவியத் அரசின் தர முத்திரையையும் பெற்றது. முத்திரை குத்திய அதிகாரிகள் சேற்றைப் பரிசோதித்தார்கள், ஆற்றைப் பரிசோதித்தார்கள், மலையையும் பரிசோதித்தார்கள். சாரதியின் ஆசனத்தைப் பரிசோதித்தார்களா என்பதே எமது கேள்வி.

அந்த ஆசனம் எங்கே இருக்கின்றது? முன்சக்கரத்தின் மேலே இருக்கின்றது. லொறியின் நீளத்தைக் குறைப்பதற்காக எஞ்சினை முன்னே நீளவிடாமல், சாரதிக்கும் அவன் பக்கத்தில் இருப்பவனுக்கும் நடுவே புகுத்தி மூடிவிட்டார்கள். இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நீளம் குறைந்த லொறி விமானத்தில் ஏறும். ஒடுங்கிய பாதையில் திரும்பும். இரு அச்சுகளும் பாரத்தை ஏறக்குறையச் சமமாகத் தாங்கும். சாரதிக்கு எதிரேயுள்ள நிலம் நன்கு தெரியும். பொறியியலாளர் இவற்றையெல்லாம் ஆய்ந்தறிந்தே முடிவு செய்தனர். கணக்கில் வராதது ஒன்றே ஒன்று. கோடைகாலத்தில் எஞ்சினின் கொதிப்பு முழுவதும் சாரதியின் துடையைத் தாக்கும். எஞ்சின் இடத்தை அடைத்துக்கொண்டதால் கியர்த் தண்டு அவனுக்கு முன்னே வர வழியில்லை. அது அவனது வலது பக்கத்தில், முதுகுப் புறமாகப் பின்தள்ளி நிற்கின்றது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கையைப் பின்னால் முறுக்கி அதைப் பிடிக்க வேண்டும். சேற்றுப் பாதையில் ஒரு நாளில் எத்தனை நூறு முறை கியர் மாற்றவேண்டும் என்பதைச் சாரதிகள் அறிவார்கள். சுக்கானை இலகுவாகத் திருப்ப எண்ணெய் அழுத்த உதவி கொடுத்தார்கள்; நீண்ட பயணத்தில் துயில, கூண்டுக்குள் கட்டித் தொங்கவிடும் கன்வஸ் தூளி ஒன்றும் கொடுத்தார்கள். அவற்றை நாம் மறைக்கவில்லை. ஆனால் இருபது வயது இளைஞனுக்குத் தூளி கட்டிக் கொடுத்தவர்கள் அவன் காலடியில் ஒரு தடித்த உருக்குத் தகட்டை வைக்க மறந்தார்கள்.

1966இல் வான்குடைப் படைக்கென்று இதே லொறியில் ஒரு தனி வகை வந்தது. அதன் சாரதிக் கூண்டின் மேற்பகுதி கன்வஸ் சீலையால் ஆனது, மடித்து வைக்கலாம். எதற்காக? விமானத்தின் வயிற்றில் அடங்குவதற்காகவும், வான்குடை மூலம் இறக்குவதற்காகவும்! விமானத்தின் அளவுக்கு ஏற்பச் சாரதியின் கூரையை மடிக்கத் தெரிந்த அறிவு, சாரதியின் உடலுக்கு ஏற்ப லொறியின் ஒரு பலகையையாவது மாற்ற ஏன் முன்வரவில்லை?

இந்தக் கேள்விக்கு இரத்தத்தில் எழுதப்பட்ட விடை ஆப்கானிஸ்தானில் வந்தது. ஹிந்து குஷ் மலையை ஊடறுத்து, 3,000 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலே சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட சலாங் சுரங்கப் பாதை திறக்கப்பட்டதும் 1964ஆம் ஆண்டிலேதான். லொறியும் பாதையும் ஒரே ஆண்டில் பிறந்தன. பதினைந்து ஆண்டுகளின் பின், 1979 டிசம்பரில், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தபோது இரண்டும் சந்தித்துக்கொண்டன. 1989 பெப்ரவரி வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு பெரும் படைக்கு வேண்டிய உணவும் எண்ணெயும் குண்டும் லொறிகளிலேயே சென்றன. அந்தப் பாதைகளிலே கண்ணிவெடிகள் காத்திருந்தன.

கண்ணிவெடி என்றால் என்னவென்று எமது வாசகருக்கு, விசேடமாக வன்னி மண்ணில் வாழ்வோருக்கு, விளக்க வேண்டிய அவசியமில்லை. வெடியை அழுத்துவது பெரும்பாலும் முன்சக்கரமே. பொனற் உடைய லொறியாக இருந்தால் அந்தச் சக்கரத்துக்கும் சாரதிக்கும் இடையே சிறிது தூரமாவது இருக்கும். எஞ்சினின் இரும்பு ஓரளவுக்காவது அடியைத் தாங்கும். காஸ்-66இல் வெடிக்கும் இடத்திற்கு நேர் மேலே மனிதன் இருக்கின்றான். நடுவே இருப்பது மெல்லிய தகடு. சேற்றில் வண்டியை வெல்ல வைத்த அதே அமைப்பு, வெடியில் சாரதியைக் கொல்ல வைத்தது. சாரதிகள் தாமே வழி தேடினார்கள். குண்டு தாங்கும் அங்கிகளைக் கழற்றிக் கதவுகளில் தொங்கவிட்டார்கள். கோர்க்கித் தொழிற்சாலை செய்யாததைக் கட்டாயச் சேவைக்கு வந்த பையன்கள் கயிறும் சீலையும் கொண்டு செய்ய முயன்றார்கள்!

அவர்கள் யார்? மொஸ்கோவில் போரைத் தீர்மானித்தவர்களின் பிள்ளைகளா? ரஷ்யக் கிராமங்களிலும், உக்ரேனிலும், உஸ்பெகிஸ்தானிலும், தாஜிகிஸ்தானிலும் பதினெட்டு வயதில் பிடித்துவரப்பட்டு, இரண்டாண்டுச் சேவைக்கென லொறிச் சாவி கையிற் கொடுக்கப்பட்ட ஏழை எளியவரின் பிள்ளைகள். அந்தப் போரில் மாண்ட சோவியத் போர்வீரர் ஏறத்தாழ 15,000 பேர். ஆப்கானிய மக்களோ பல இலட்சம் பேர். பிற நாட்டின்மீது படையெடுத்த அரசின் குற்றத்தை நாம் ஒருபோதும் மன்னிக்கப் போவதில்லை. ஆயினும் அந்த அரசு தன் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்த குற்றம் வேறு. அதையும் கணக்கில் எழுதியே ஆகவேண்டும். போரின் தொடக்க ஆண்டுகளில் சோவியத் பத்திரிகைகள் அந்த மரணங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. துத்தநாகப் பெட்டிகளில் அடைத்து விமானத்தில் அனுப்பப்பட்ட சடலங்களுக்குப் படை வழக்கில் ஒரு பெயர் இருந்தது. ‘சரக்கு 200’ என்பது அப்பெயர். உயிரோடிருந்தபோது சரக்குக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணப்பட்டவன், இறந்தபின் சரக்காகவே எண்ணப்பட்டான்.

தொழிலாளரின் அரசு என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட அரசு அது. கொடியிலே சுத்தியலும் அரிவாளும்! லொறிச் சாரதி தொழிலாளி இல்லையா? சரக்குக்கும் சேற்றுக்கும் விமானத்துக்கும் இடங்கொடுத்த திட்டத்தில் தொழிலாளியின் காலுக்கு இடம் இல்லாமற் போனது எப்படி? முதலாளித்துவ நாட்டில் இலாபவெறி கொண்ட கம்பனி தொழிலாளியை மறந்தால், அது அதன் பிறவிக் குணம் என்று சொல்லிக் கண்டிப்போம். தொழிலாளியின் பெயரால் ஆளும் அரசு மறந்தால், அதற்கு என்ன பெயர் சூட்டுவது?

இனி, இந்த லொறியின் வக்கீல்கள் எழுப்பும் வாதங்களுக்கு வருவோம். “அன்றைய காலத்தில் கண்ணிவெடியை யார் எண்ணினார்கள்?” என்பது முதல் வாதம். இரண்டாம் உலக யுத்தத்தில் இலட்சக்கணக்கான கண்ணிவெடிகளைப் புதைத்ததும் தோண்டியெடுத்ததும் சோவியத் படையே. கண்ணிவெடியின் குணத்தை அதனிலும் நன்கறிந்த படை உலகில் அரிது. சரி, அறிந்திருந்தும் தடுக்கும் வழி தெரியவில்லை என்பார்களாயின், 1970களின் நடுப்பகுதியில் ரொடீசியாவை நோக்குமாறு அழைக்கின்றோம். வெள்ளை இனவாத அரசு அது. அதன் கொள்கையை அடியோடு வெறுக்கின்றோம். அந்தச் சிறிய நாட்டில், வொக்ஸ்வாகன் வண்டியின் உறுப்புகளைக் கொண்டே ‘லெப்பர்ட்’ என்றொரு வாகனம் செய்தார்கள். ஏறியிருப்போரைச் சக்கரங்களிலிருந்து விலக்கி நடுவே வைத்தார்கள். அடித்தட்டைக் கலப்பையின் கொழுப்போல் இருபுறமும் சரித்து, வெடியின் வேகம் பக்கங்களால் விலகிச் செல்லுமாறு அமைத்தார்கள். தடைகளால் முடக்கப்பட்ட ஒரு நாடு பழைய உறுப்புகளைக் கொண்டு செய்ததை, விண்வெளிக்கு முதன்முதலில் மனிதனை அனுப்பிய வல்லரசு செய்ய முடியாதா? முடியும். அங்கே காப்பாற்ற வேண்டியவர்கள் ஆள்வோரின் உறவினர். இங்கே ஏறியிருந்தவர்கள் எவரோ பெற்ற பிள்ளைகள். வேறுபாடு அதுவே.

“எளிமையும் மலிவும் வேண்டியிருந்தன, பாதுகாப்பைச் சேர்த்தால் செலவு கூடும்” என்பது இரண்டாவது வாதம். கெட்ட பாதையில் நூறு கிலோமீற்றருக்கு 30 லீற்றருக்கு மேல் பெற்றோல் குடித்த லொறி இது. அதற்காகத் தலைக்கு 105 லீற்றர் கொள்ளும் இரண்டு தாங்கிகளைப் பூட்டினார்கள். பெற்றோலுக்குப் பஞ்சமில்லாத அரசுக்கு இரும்புத் தகட்டுக்கு மட்டும் பஞ்சமா? மேலும், பாதுகாப்பு என்பது பணக்காரரின் ஆடம்பரம் என்ற எண்ணமே தவறானது. உழவு யந்திரம் கவிழ்ந்து கமக்காரர் நசுங்கி மாண்டுகொண்டிருந்த காலத்தில், 1959ஆம் ஆண்டிலேயே, புதிய உழவு யந்திரங்கள் அனைத்திலும் சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கவேண்டும் என்று சுவீடன் நாடு விதித்தது. வளைத்துப் பூட்டிய இரும்புச் சட்டம், அவ்வளவே. அதன் பின் அங்கே கவிழ்ந்து இறப்போரின் தொகை படிப்படியாக வீழ்ந்து அருகிப் போயிற்று. காஸ்-66 வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆசனத்தில் இருப்பவன் மனிதன் என்ற நினைவு வந்துவிட்டால் வழி தானாகவே பிறக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

“சாரதிகளே இந்த லொறியை நேசிக்கின்றார்களே!” என்பது மூன்றாவது வாதம். நேசிக்கின்றார்கள், நாம் மறுக்கவில்லை. தன்னோடு உழைத்த யந்திரத்தின்மீது பாசம் வைப்பது உழைப்பாளியின் குணம். கமக்காரன் தன்னை முட்டிய எருதுக்கும் வைக்கோல் போடுவான். அந்தப் பாசம் அவனுடைய பெருமை. அதைத் தம் பெருமையாகக் காட்டித் தப்பிக்கொள்ளத் தொழிற்சாலைக்கும் அமைச்சுக்கும் உரிமையில்லை. 1941-42 குளிர்காலத்தில் ஜேர்மன் படையால் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகருக்கு, உறைந்துபோன லடோகா ஏரியின்மீது கோர்க்கி லொறிகளை ஓட்டிய சாரதிகள், கதவுகளைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள். பனிக்கட்டி பிளந்து லொறி மூழ்கினால் பாய்ந்து தப்புவதற்காக! பட்டினியால் மடிந்துகொண்டிருந்த நகரம். வேறு வழியில்லாத வேளை. அந்த வீரர்களுக்குத் தலை வணங்குகின்றோம். ஆனால் ஆபத்து வேளையின் தியாகத்தைச் சமாதான காலத்தின் வழக்கமாக்குவது ஆட்சியாளரின் சோம்பல். ‘கதவு திறந்திருக்கின்றது; முடிந்தால் பாய்ந்து தப்பிக்கொள்’ என்ற அதே நியாயம் 1964இன் வரைபடத்திலும் இருந்தது. பாய்வதற்கு முன்பே வெடிக்கும் என்பது மட்டுமே புதிது.

தவறு தெரிந்த பின்பாவது உடனே திருத்தினார்களா? ஆப்கானிஸ்தான் போர் 1989இல் முடிந்தது. எஞ்சினை முன்னே நீட்டிப் பொனற் வைத்த ‘சத்கோ’ என்ற புதிய லொறி 1990களின் பிற்பகுதியிலேதான் வந்தது. காஸ்-66இன் உற்பத்தி நின்றது 1999இல். போர் முடிந்து பத்து ஆண்டுகள்! அதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமற் போயிற்று. ஆசனம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பழங்கதை இது, முடிந்த கதை என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். உல்யானவ்ஸ்க் நகரத்துத் தொழிற்சாலை 1965இல் தொடங்கிய நான்கு சக்கர இயக்கச் சிறு வாகனம் ஒன்று உண்டு. பாண் இறாத்தலைப் போன்ற உருவம் உடையதால் ‘புகான்கா’, அதாவது பாண், என்றே அதற்குப் பெயர். கிராம வைத்தியரையும் தபாலையும் நோயாளியையும் சுமந்து நற்பெயர் பெற்ற வண்டி. அதன் சாரதியும் முன்சக்கரத்தின் மேலேயே அமர்கின்றான். அவன் பக்கத்திலேயே எஞ்சின். அறுபது ஆண்டுகளாகியும் அந்த உருவம் இன்றும் உற்பத்தியாகின்றது. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது பெரும் போர் தொடுத்தபின், கண்ணிவெடி விதைக்கப்பட்ட வயல்வெளிகளுக்கு இந்த வண்டிகளே மீண்டும் சென்றன. அதே 2022 மே மாதத்தில், வெளிநாட்டுத் தடைகளால் உறுப்புகள் கிடைக்கவில்லை என்ற காரணத்தால், காற்றுப்பை முதலிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றியும் வாகனங்களை உற்பத்தி செய்யலாம் என்று ரஷ்ய அரசு விதிகளைத் தளர்த்தியது. நெருக்கடி வந்தபோது முதலில் வெட்டப்பட்டது எது என்பதைக் கவனியுங்கள். கொடி மாறிற்று, ஆட்சி மாறிற்று, நகரத்தின் பெயரும் மாறிற்று. வெட்டுவதற்கு எப்போதும் ஆயத்தமாக இருக்கும் பொருள் சாரதியின் உயிர் என்ற கணக்கு மாறவில்லை.

இன்று பல நாடுகளில் இந்தப் பழைய லொறிகளை வாங்கி, பூச்சுப் பூசி, மலைகளிலும் காடுகளிலும் ஓட்டி மகிழ்வோர் இருக்கின்றார்கள். மகிழட்டும். ஆயினும், ‘எங்கும் செல்லும் வண்டி’ என்று அவர்கள் எழுதும் புகழுரையை நாம் அப்படியே ஏற்கப் போவதில்லை. எங்கும் சென்றது உண்மை. சென்ற இடத்திலிருந்து சாரதி திரும்பி வந்தானா என்பதையும் அந்தப் புகழுரையிலே எழுதவேண்டும். சேற்றைக் கடக்கும் வல்லமை ஒரு வண்டிக்குச் சிறப்புத்தான். ஏறியவனை உயிரோடு இறக்கிவிடுவது அதன் முதற் கடமை.

எமது வாசகரில் பொறியியலாளர் உளர், வைத்தியர் உளர், கமக்காரர் உளர். பொறியியலாளர் கையில் வரைபடம் வரும். வைத்தியர் கையில் நசுங்கிய கால் வரும். கமக்காரரிடம் யந்திரத்தை விற்பவன் வருவான். எத்தனை குதிரைவலு, எத்தனை தொன் பாரம், எத்தனை லீற்றர் எண்ணெய் என்று அவன் அடுக்கிக்கொண்டே போவான். அவை யாவும் கேட்க வேண்டியவையே. அவற்றுக்கு முன்னே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது கவிழ்ந்தால், இது மோதினால், இதன் கீழே ஏதேனும் வெடித்தால், ஆசனத்தில் இருக்கும் மனிதனுக்கு என்ன நேரும்?

9 இலட்சத்து 65 ஆயிரம் லொறிகளைச் செய்தவர்களிடம் இக்கேள்வியை வேண்டிய காலத்தில் எவரும் உரக்கக் கேட்கவில்லை; கேட்கக்கூடிய பத்திரிகையும் அந்நாட்டில் இருக்கவிடப்படவில்லை. கேட்கும் உரிமை உள்ள இடத்திலே கேளாதிருப்பது அதனிலும் பெரிய குற்றம். யந்திரத்துக்கு மாலை சூட்ட முன்வருவோர் முதலில் அதன் சாரதியின் பெயரை எமக்குச் சொல்லட்டும். அவன் உயிரோடு வீடு திரும்பினான் என்றும் சொல்லட்டும். அதன் பின்னர் மாலையைப் பற்றிப் பேசுவோம்.